மியூட்டில் சொன்னது

சித்ராதேவியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னால் எனக்கு வராது. கெட்டதாக எழுதச் சொன்னால் பேனா நிற்காது. அவரால்தான் எனக்கு வேலை போனது. அதனால் இதில் நடுநிலைமை, பெருந்தன்மை போன்ற சமாச்சாரங்களை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கண்டோன்மெண்டில் ஒரு மூன்றாவது மாடியில் எங்கள் கால் சென்டர் இருந்தது. இப்போதும் இருக்கிறது, நான்தான் அங்கே இல்லை. மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் விற்கும் ஒரு கம்பெனிக்காகத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வரும் புகார்களை நாங்கள் எடுப்போம். போன் எடுக்கும் நாற்பது பேருக்கும் இருபத்தைந்தை ஒட்டிய வயது. சித்ராதேவிக்கு நாற்பத்தெட்டு. அவர் போன் எடுக்க மாட்டார். நாங்கள் பேசி முடித்ததைப் பதிவில் கேட்டு மார்க் போடுவார். அந்த வேலைக்கு ஆபீசில் க்வாலிட்டி என்று பெயர்.

ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஐந்து போன் கால்களை கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுக்கும். சித்ராதேவி காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த மோர் டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பார். நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் வரும். குறைந்த ஒவ்வொரு மார்க்குக்கும் எதிரே காரணம் எழுதியிருக்கும். "ஆயிடும்" என்று சொன்னால் ஐந்து மார்க் போச்சு, "ஆகிவிடும்" என்று சொல்லியிருக்க வேண்டுமாம். "ஓகேவா" என்று கேட்டால் பத்து. வாடிக்கையாளரை அவமதித்தால் மொத்தமும் காலி, ஜீரோ. ஆறு மாதத்தில் மூன்று ஜீரோ வாங்கினால் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

வாடிக்கையாளரும் மார்க் போடுவார். பேசி முடித்ததும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணை அழுத்தச் சொல்லும். ஒன்றை அழுத்தினால் அந்தக் கால் குலுக்கலில் எல்லாம் நிற்காது, நேரே க்வாலிட்டிக்குப் போய்விடும். யாராவது ஒருவர் அதை முழுக்கக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மியூட் பட்டனை அழுத்தினால் நாங்கள் பேசுவது வாடிக்கையாளருக்குக் கேட்காது. அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கும். பதிவில் மட்டும் இரண்டு பக்கமும் விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைப் பாடமாக நடத்துவார்கள். எல்லாரும் தலையாட்டுவோம். ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவோம். நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற வாய்க்கு அந்தப் பட்டன்தான் ஒரே ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒருத்தர் நின்று எழுதிக்கொண்டே இருப்பார்.

சித்ராதேவிக்கு எங்கள் பேச்சு எதுவுமே ஆகாது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி "மச்சி" என்று கூப்பிட்டால் நின்று, "இங்க யாருக்கு யாருங்க மச்சான்?" என்பார். என் பக்கத்துச் சீட்டு ருக்ஸார் ஒரு நாள் கேண்டீனில் புளிசாதத்தைப் பார்த்து "வேற லெவல்" என்றாள். "எந்த லெவல்னு சொல்லுங்க, கேப்போம்" என்று தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். ருக்ஸாருக்குச் சோறு இறங்கவில்லை. "வைப்" என்றால் என்ன, "க்ரிஞ்ச்" என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரியாததுபோல் கேட்பார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவரும் ஆபீஸ் கேப் டிரைவர் ரங்கசாமி அண்ணன் பொன்மலைக்காரர். சித்ராதேவி வளர்ந்ததும் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். ஆறாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்தபோது சித்ராவின் பேச்சு முழுக்கத் தெற்கத்திப் பேச்சாம்.

"அங்கன வை, இங்கன வான்னு பேசும். அங்கன சித்ரான்னே பேரு வெச்சிட்டோம்" என்று ரங்கசாமி அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "நானுந்தான் கூப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாதுல்ல. பள்ளிக்கூடம் விட்டு வீடு வரைக்கும் பின்னாடியே கத்திக்கிட்டுப் போவோம். அடுத்த வருஷம் பாத்தா அந்தப் பொண்ணு புஸ்தகம் மாதிரி பேச ஆரம்பிச்சிருச்சு. வீட்டுல அவங்க அப்பாகிட்டயும் அப்படியேதான். அவரு பாவம், மக என்ன பேசுதுன்னே புரியாம முழிப்பாரு."

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இளகவில்லை. தான் பட்டதை மற்றவர் படக் கூடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தான் பட்டதை நாற்பது பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சித்ராதேவி இரண்டாவது ரகம். அவருக்கு அங்கே பட்டப்பெயர் வைத்தார்கள், இவர் இங்கே மார்க் வைக்கிறார்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஊர் லால்குடியை அடுத்து. அப்பா சின்னையாவுக்கு வயல். படித்து முடித்த பெண் காலையில் ரயிலேறி டவுனுக்குப் போவது அவருக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. "வேலன்னு ஒண்ணு இருக்கு, போற. அது இல்லேன்னா எதுக்கு டவுனு?" என்பார். சம்பளத்தை விட எனக்கு அந்த ரயில்தான் முக்கியம். வேலை இருக்கும்வரை ரயில் இருக்கும். ரயில் இருக்கும்வரை என்னை யாரும் உட்கார வைத்து மாப்பிள்ளை ஜாதகத்தை விரிக்க முடியாது. இதுதான் நிலவரம்.

முதல் ஜீரோ ஏப்ரலில் விழுந்தது. எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு காலேஜ் பையன், ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று "ப்ரோ, ப்ரோ" என்று என்னிடமே கத்தினான். "டென்ஷன் ஆகாதீங்க ப்ரோ, சில் பண்ணுங்க, நாளைக்கு ஆள் வந்துடுவாரு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். போனை வைக்கும்போது ஐந்தை அழுத்தினான். சித்ராதேவி ஜீரோ போட்டார். காரணம்: வாடிக்கையாளரின் கோபத்தைக் கேலி செய்தது. கோபப்பட்டவனே ஐந்து போட்ட பிறகு இவருக்கு எங்கே வலித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாவது ஜூலையில். ஒருத்தர் இருபது நிமிடம் என்னை வறுத்தெடுத்தார், தன் மச்சினன் கலெக்டர் ஆபீசில் இருப்பதாகச் சொல்லி. நான் மியூட்டை அழுத்திவிட்டு, "ஓவர் சீன் உடம்புக்கு ஆகாது ராசா, க்கும்" என்றேன். அது என் வழக்கமான டயலாக். கடைசியில் வரும் அந்தக் "க்கும்", மூக்கால் விடுவது. எங்கள் வரிசை முழுக்க அதைக் கேட்டுச் சிரிக்கும். ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்வேன். அந்த ஒரு தரம் குலுக்கலில் மாட்டியது.

தீபாவளி வாரத்தில் தமிழ்நாட்டில் இருக்கிற மிக்ஸி எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். போன் எடுக்க ஆள் போதாமல் க்வாலிட்டிக்காரர்களையும் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். சித்ராதேவியை என் இடது பக்கம் உட்கார வைத்தார்கள். மோர் டம்ளரும் கூடவே வந்தது. "வணக்கம். தாங்கள் அழைத்தமைக்கு நன்றி. நான் சித்ராதேவி பேசுகிறேன்" என்று ஒவ்வொரு காலுக்கும் ஒரே சுருதியில் ஆரம்பிப்பார். எதிர்முனையில் இருப்பவர்கள் ரெக்கார்டிங் என்று நினைத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மாவே இருந்தார்கள். எனக்கு அந்த வாரம் நல்ல பொழுதுபோக்கு.

மூன்றாம் நாள் மதியம் அரியமங்கலத்திலிருந்து ஒரு பையன் அவருக்கு மாட்டினான். சத்தம் ஹெட்செட்டைத் தாண்டி என் வரைக்கும் கேட்டது. "ஆண்ட்டி, நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசாதீங்க ஆண்ட்டி. நார்மலா பேசுங்க. மிக்ஸி எப்ப ஓடும்?" சித்ராதேவியின் காது மடல் சிவந்தது. "ஒரு நிமிடம் இணைப்பில் இருக்கவும்" என்றார். விரல் மியூட்டுக்குப் போனது.

"ஓவர் சீன் உடம்புக்கு ஆகாது ராசா, க்கும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காரியம் கெட்டுவிடும். வார்த்தை மட்டும் இல்லை. இழுப்பு, ராசாவில் வரும் அழுத்தம், அந்த மூக்கு, எல்லாம் அச்சு அசல் நான். அவர் உடனே மியூட்டை எடுத்துவிட்டு, "காத்திருந்தமைக்கு நன்றி" என்று தொடர்ந்தார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது என்று அப்போது நினைத்தேன். நான் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, ருக்ஸாரிடம்கூட. நல்ல ஆயுதத்தை எடுத்த எடுப்பில் வீசக் கூடாது என்று வைத்திருந்தேன். நான் அவ்வளவு நல்லவள் என்று எங்கேயும் சொல்லவில்லையே.

முதல் ஜீரோ விழுந்து ஆறு மாதம் முடிய அப்போது பத்து நாள்தான் பாக்கி. அதைத் தாண்டிவிட்டால் அது கணக்கில் வராது. அந்தப் பத்து நாளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் குலுக்கல் பின்னோக்கியும் எடுக்கும். கெடு முடிவதற்குள் தீபாவளிக்கு முந்தின வாரத்துக் கால் ஒன்று வந்து விழுந்தது. அதே டயலாக், அதே க்கும். மூன்றாவது ஜீரோ. காரணத்தில் சித்ராதேவி எழுதியிருந்தார்: மியூட்டில் வாடிக்கையாளரை இகழ்ந்தது, இரண்டாம் முறை.

எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நேரே போய் அப்பீல் போட்டேன். அப்பீல் என்றால் மேனேஜர் முன்னால் பதிவைப் போட்டுக் கேட்பார்கள். நமக்குச் சாதகமாக வேறு யாருடைய காலையாவது ஒப்பிட்டுக் காட்டவும் உரிமை உண்டு. நான் தேதியையும் மணியையும் சீட்டு நம்பரையும் எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் சுரேஷ்குமார் நல்ல மனிதர், அதாவது யாரோடும் சண்டைக்குப் போகாதவர். கண்ணாடி அறையில் நாங்கள் மூன்று பேர். முதலில் என் கால் ஓடியது. என் குரல், என் ராசா, என் க்கும். சித்ராதேவி நோட்டைப் பார்த்தபடி இருந்தார். அடுத்து நான் கொடுத்த கால். அரியமங்கலத்துப் பையன் "நியூஸ் வாசிக்கிற மாதிரி" என்றபோதே அவர் தலை நிமிர்ந்தது. பிறகு அந்தப் பத்து செகண்ட்.

சுரேஷ்குமார் சிரிப்பை அடக்கிக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டார். சித்ராதேவியின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உள்ளே பட்டாசு வெடித்தது.

"மேடம்" என்று சுரேஷ்குமார் இழுத்தார். "சீசன் டைம். எல்லாருக்கும் ப்ரெஷர். ரெண்டையும் விட்டுடலாமா?"

அதைத்தான் நான் எதிர்பார்த்து வந்திருந்தேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் என்னையும் காப்பாற்றியே ஆக வேண்டும். வேறு வழி இல்லை என்று நினைத்தேன்.

"இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார் சித்ராதேவி.

இன்னொரு தடவை ஓடியது. எங்கள் கால்களைக் கேட்பதுபோலவே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, தன் பெயரை எழுதி, கீழே கோடு போட்டார்.

"ரெண்டும் ஜீரோதான் சார்."

"மேடம், ரூல் தெரியும்ல? ஜீரோ வாங்குனவங்க க்வாலிட்டில இருக்க முடியாது. போன் எடுக்கப் போகணும்."

"அந்த ரூல நான்தான் சார் எழுதினேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மேடம், அது என்னோட டயலாக். என் வாயில இருந்து எடுத்துச் சொல்லிட்டு எனக்கே ஜீரோ போடுறீங்க."

"தெரியும் மலர்க்கொடி. ரெண்டு வருஷமா உங்களக் கேட்டுக்கிட்டுதான இருக்கேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. வீட்டுக்குப் போற வழியெல்லாம் வருது. காவேரிப் பாலத்துல வண்டி ஓட்டிக்கிட்டே சொல்றேன். நிறுத்த முடியல."

"அப்ப எங்களுக்கு மட்டும் எப்படி மேடம் நிறுத்த முடியும்?"

அவர் தாளில் காரணம் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு எழுதிய அதே வாக்கியம்தான், இரண்டாம் முறை என்பது மட்டும் இல்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு சுரேஷ்குமார் பக்கம் தள்ளினார். எழுதாமல் விட்டிருந்தால் என் வேலை எனக்கு, அவர் நாற்காலி அவருக்கு. யாருக்கு என்ன குறைந்துவிடும்? அவருக்கு நாற்காலியைவிட, என்னைவிட, அந்த மார்க் பெரிசு. இப்படிப்பட்டவர்களை நேர்மையானவர்கள் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் யாரும் அன்று சாயங்காலம் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு லால்குடி ரயிலுக்கு நிற்கவில்லை.

மறுநாள் காலை நான் ஏழு மணி வரை தூங்கினேன், அப்பா எழுப்பவில்லை. அது திட்டுவதைவிட மோசம். மார்கழிக்குள் இரண்டு ஜாதகம் வந்தது.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்மாவின் கிரைண்டர் நின்றுபோனது. எங்கள் கம்பெனிக் கிரைண்டர்தான், சலுகை விலையில் நான் வாங்கிக் கொடுத்தது. அம்மா உளுந்தை ஊறவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த நம்பரை அழைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அழைத்தேன்.

"வணக்கம். தாங்கள் அழைத்தமைக்கு நன்றி. நான் சித்ராதேவி பேசுகிறேன்."

நாற்பது பேரில் இவரா வந்து மாட்ட வேண்டும். நான் கிரைண்டரைச் சொன்னேன். கல் சுற்றவில்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றேன். பதிவு செய்த போன் நம்பர் கேட்டார், கொடுத்தேன்.

"சின்னையா என்ற பெயரில் இருக்கிறது. பேசுவது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?"

"மலர்க்கொடி."

கீபோர்டு சத்தம் நின்றது. பிறகு, "ஒரு நிமிடம் இணைப்பில் இருக்கவும்."

டக்கென்று அமைதி. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. மியூட். அந்தப் பட்டனை ஆயிரம் தடவை அழுத்தியிருக்கிறேன், அழுத்தப்பட்ட பக்கம் ஒரு நாளும் நின்றதில்லை. அங்கே அவர் ஏதோ சொல்கிறார். என் டயலாக்கைச் சொல்கிறாரா? என்னைத் திட்டுகிறாரா? மன்னிப்புக் கேட்கிறாரா? தெரியாது. எனக்குக் கேட்காது, ஆனால் நான் பேசினால் அவருக்குக் கேட்கும். நான் வேலையில் இருந்தபோதும் எங்களுக்குள் அப்படித்தான் இருந்தது. நாக்கு நுனியில் என்னென்னவோ வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்னடி, லைன் கட் ஆயிடுச்சா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. கேட்டுக்கிட்டு இருக்காங்க."

நாற்பது செகண்ட் கழித்துக் குரல் வந்தது. "காத்திருந்தமைக்கு நன்றி. நாளைக்குக் காலையிலயே ஆளு வந்துடுவாரு. மாவு பொங்கலுக்குள்ள ரெடி ஆயிடும், அம்மாகிட்ட சொல்லுங்க. ஓகேவா?"

ஆயிடும். ஓகேவா. நான் சொல்லியிருந்தால் பதினைந்து மார்க் போயிருக்கும்.

"சரிங்க" என்றேன்.

லைன் துண்டிக்கப்பட்டு, மெஷின் குரல் வந்தது. சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் தரும்படி கேட்டது. எனக்கு நன்றாகவே தெரியும், அது ஐந்துக்கான கால். மரியாதைக் குறைவு இல்லை, தப்பான தகவல் இல்லை, அம்மாவுக்கு ஒரு ஆறுதல் வார்த்தைகூட இருந்தது. காரணம் எழுதாமல் அவர் எனக்கு ஒரு மார்க்கும் குறைத்ததில்லை, அதுவும் தெரியும்.

ஆனால் அந்த நாற்பது செகண்டில் அவர் என்ன சொன்னார் என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.

ஒன்றை அழுத்தினேன்.